இன்ஜின் நின்ற பின் கிடைக்கும் மூன்று நிமிடங்கள்: பயிற்சி விமானிகளுக்கு ஒரு வழிகாட்டி

விமானிப் பயிற்சிக்குச் சேரப்போகும் பிள்ளையின் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "மேலே போனதும் இன்ஜின் நின்றுபோனால் என்ன ஆகும்?" என்பதுதான். கேட்பவர் பெரும்பாலும் அம்மாவாக இருப்பார். பதில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கும் அது சரியாகத் தெரிந்திருக்காது. இன்ஜின் நின்றால் விமானம் கல்லைப் போலக் கீழே விழாது. செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானம் ஓர் அடி இறங்குவதற்குள் சுமார் ஒன்பது அடி முன்னே செல்லும். ஆயிரம் அடி உயரம் கையில் இருந்தால், காற்றில்லாத நாளில் இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக மிதந்து செல்லலாம். நிமிடத்துக்கு ஏறத்தாழ எழுநூறு அடி என்ற கணக்கில் உயரம் குறையும் என்பதால், இரண்டாயிரம் அடியில் இன்ஜின் நின்ற விமானிக்குத் தரையைத் தொட மூன்று நிமிடத்துக்குச் சற்றே குறைவான நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை எந்த வரிசையில் செலவிட வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது. உங்கள் விமானத்தின் கையேடும் உங்கள் பயிற்றுநரின் சொல்லும் இதற்கு மேலானவை. இங்கே உள்ள எண்கள் அவற்றோடு முரண்பட்டால் அவற்றையே பின்பற்றுங்கள்.

வேகம் முதலில்

இன்ஜின் நின்றதும் கை தானாக, இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை நோக்கிப் போகும். அது போகட்டும், ஆனால் அதற்கு முன்பே மறு கை விமானத்தின் மூக்கைத் தாழ்த்தியிருக்க வேண்டும். மட்டமாகப் பறந்துகொண்டிருந்தபோது நின்றிருந்தால், வேகம் அதிகமாக இருக்கும் வரை மூக்கை அப்படியே பிடித்து, மிதப்பு வேகத்துக்கு, அதாவது இன்ஜின் இல்லாமல் அதிக தூரம் மிதக்கும் வேகத்துக்கு, அது குறைந்ததும் தாழ்த்தினால் போதும். ஏறிக்கொண்டிருந்தபோது நின்றால் நிலைமை வேறு. அப்போது மூக்கு மேலே தூக்கியிருக்கும், வேகம் ஏற்கெனவே குறைவாக இருக்கும், உந்துவிசை போன சில விநாடிகளில், இறக்கை தூக்கும் விசையை இழக்கும் ஸ்டால் நெருங்கிவிடும். கட்டுப்பாட்டுப் பிடியான யோக்கைத் தயங்காமல் முன்னே தள்ள வேண்டிய இடம் அது. முதல் சில முறை பயிற்றுநர் த்ராட்டிலை இழுக்கும்போது, நீங்கள் தள்ள வேண்டிய அளவு உங்களுக்கே பயமாக இருக்கும். தரை கண்ணாடி முழுவதும் நிரம்பித் தெரியும். அதற்குப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

மிதப்பு வேகம் ஒவ்வொரு விமானத்துக்கும் வேறு. செஸ்னா 152-க்கு 60 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). செஸ்னா 172எஸ்-க்கு முழு எடையில் 68 நாட். இந்த எண் உங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணைப் போல நாவில் நிற்க வேண்டும். அந்த வேகத்தைப் பிடித்ததும் டிரிம் சக்கரத்தைச் சுழற்றி, கையை எடுத்தாலும் விமானம் அதே வேகத்தில் இறங்குமாறு செய்துவிடுங்கள். டிரிம் செய்யாதவர் அடுத்த மூன்று நிமிடமும் ஒரு கையையும் பாதி மூளையையும் யோக்குக்கே அடகு வைத்தவர் ஆவார்.

மெதுவாகப் பறந்தால் அதிக தூரம் போகலாம் என்று தோன்றுவது இயல்பு. அது தவறு. குறித்த வேகத்துக்குக் கீழே போனால் விமானம் மிதப்பதைவிட வேகமாக அமிழும். மூக்கைத் தூக்கி மிதப்பை நீட்ட முயல்பவர் அருகே வந்து சேர்வார், தூரத்தில் அல்ல. வயல் எட்டாது என்று தெரிந்தால் வேறு வயலைப் பார்க்க வேண்டுமே தவிர மூக்கைத் தூக்கக் கூடாது.

வயலைத் தேர்ந்தெடுத்தல்

வேகம் நிலைபெற்றதும் பார்வை வெளியே போக வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் சென்னையைச் சுற்றிய நிலத்தை அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் உள்ள வேறுபாடு தெரியும். ஆகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் காற்று. சென்னைக் கரையில் கோடைக் காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வீசத் தொடங்கும். காலை பத்து மணிக்குச் சரியாக இருந்த இறங்கு திசை, பிற்பகல் இரண்டு மணிக்கு நேர் எதிராகிவிடலாம். புறப்படும்போது கேட்ட காற்றுத் தகவலை நம்பி இராமல் கீழே உள்ள அடையாளங்களைப் பாருங்கள். செங்கல் சூளையின் புகை எல்லாவற்றிலும் தெளிவானது. ஏரித் தண்ணீரில் காற்று வரும் பக்கத்துக் கரையோரம் வழுவழுப்பாகவும் எதிர்க்கரையோரம் சிற்றலையாகவும் தெரியும். தென்னந்தோப்பின் கீற்றுகள் ஒரு பக்கமாகச் சாயும். பனையோலை விறைப்பானது, அதை நம்ப வேண்டாம்.

காற்றின் திசை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். 45 நாட்டில் தரையைத் தொடும் விமானம், 15 நாட் காற்றை எதிர்த்து இறங்கினால் தரையின் மேல் அதன் வேகம் 30 நாட். காற்றோடு சேர்ந்து இறங்கினால் 60 நாட். வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். எதிர்க்காற்றில் இறங்கியவர் தோளைத் தேய்த்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில், பின்காற்றில் இறங்கியவர் வராமலே போகலாம்.

அடுத்து நிலம். பச்சையாகத் தெரிவதெல்லாம் நல்ல நிலம் அல்ல என்பதை நான் மாணவனாக இருந்தபோது மதுராந்தகம் பக்கத்தில் கற்றேன். பயிற்றுநர் த்ராட்டிலை இழுத்துவிட்டு, "இடம் சொல்லுப்பா" என்றார். விரித்த பாய் போன்ற ஒரு பசுமையைக் காட்டினேன். ஐந்நூறு அடிக்கு இறங்கி மீண்டும் ஏறும்போது பார்த்தால் நட்டுச் சில வாரமே ஆன சம்பா நாற்று, கணுக்கால் தண்ணீர், பத்தடிக்கு ஒரு வரப்பு. "மூக்குச் சக்கரம் புதைந்து கவிழ்ந்திருப்போம், சார்" என்றேன். "ஆமாம், ஆனா பிழைச்சிருப்போம். வேகம் சரியா வெச்சிருந்தே" என்றார். இரண்டு பாடமும் ஒரே நாளில் கிடைத்தன.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பருவங்களில் நெல் வைப்பதால், "இந்த மாதம் வயல் காய்ந்திருக்கும்" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஒரே கிராமத்தில் ஒன்றில் தண்ணீர் நிற்கும், பக்கத்தில் அறுவடை முடிந்த தாளடி காய்ந்து கிடக்கும். வைக்கோல் நிறத்தில் தெரியும் தாளடி வயல் நல்லது. மானாவாரி நிலக்கடலை நிலம் அதைவிட நல்லது. அங்கே வரப்பு குறைவு. உழுத நிலமாக இருந்தால் உழவுச்சால் ஓடும் திசையிலேயே இறங்க வேண்டும், குறுக்கே அல்ல, காற்று சற்றுப் பக்கவாட்டில் இருந்தாலும் பரவாயில்லை. கரும்பும் சவுக்குத் தோப்பும் மேலிருந்து மெத்தை போலத் தெரிந்து ஏமாற்றும். கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். சவுக்கு உண்மையான மரம்.

கோடையில் வற்றிய ஏரிகள் அகன்ற தட்டையான தரை போலத் தெரிவதால் கண் அங்கே போகும். அவற்றில் இரண்டு ஆபத்துகள் உண்டு: ஒன்று சீமைக் கருவேலம், மற்றொன்று வண்டல் மண் வெட்டி எடுத்த பள்ளங்கள். இரண்டும் ஆயிரம் அடிக்குக் கீழே வந்த பின்தான் தெரியும். பாலாற்றின் மணற்படுகையும் அப்படித்தான். மணல் மென்மையானது, சக்கரத்தை விடாது. வேறு நல்ல இடம் இல்லாதபோது இவை ஏற்கத்தக்கவை. முதல் தேர்வாக இருக்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத எதிரி மின்கம்பி. மேலிருந்து கம்பி தெரியாது. கம்பத்தைத்தான் தேட வேண்டும். நம் ஊர் வயல்களில் ஓர் எளிய விதி உண்டு: பம்புசெட் அறை தெரிந்தால் அதற்கு ஒரு மின்கம்பி கட்டாயம் வருகிறது. கிணற்றுக்குப் பக்கத்தில் உள்ள அந்தச் சிறிய கட்டடத்திலிருந்து சாலை வரை ஒரு கோடு போட்டுப் பாருங்கள்; அந்தக் கோட்டின் குறுக்கே இறங்க வேண்டாம். சாலையோரங்களிலும் ரயில் பாதையோரங்களிலும் கம்பி இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

சாலையில் இறங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: கிழக்குக் கடற்கரைச் சாலையையும் வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையையும் ஒரு முறை காரில் போய்ப் பாருங்கள். நடுவில் தடுப்பு, இரு பக்கமும் விளக்குக் கம்பம், வழிகாட்டிப் பலகைகள், அவற்றின் கீழே பேருந்தும் இருசக்கர வாகனமும். உங்கள் பிழைப்புக்காக ஒரு குடும்பத்தை மோதும் உரிமை உங்களுக்கு இல்லை. கடற்கரையும் அதே கணக்குதான். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் மாலையில் இறங்க இடமில்லை. கோவளத்துக்குத் தெற்கே ஆளில்லாத நீளங்கள் உண்டு. அங்கே அலை நனைத்த இறுகிய மணலில், படகுகளையும் காயவைத்த வலைகளையும் தவிர்த்து இறங்கலாம். கூட்டமா கடலா என்று வந்தால் கரையோரக் கடலே சரி, மீன்பிடிப் படகுகள் தெரியும் இடமாகப் பார்த்து.

எப்போது தேர்ந்தெடுத்தாலும் அருகிலுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள மிக நல்ல வயலைவிட, உங்கள் இறக்கைக்குக் கீழே உள்ள சுமாரான வயல் மேலானது. சுமாரானதில் நீங்கள் உயரத்தோடு போய்ச் சேர்வீர்கள். நல்லதன் வேலியில் போய் முடிவீர்கள். தேர்ந்தெடுத்த பின் மாற்றுவதானால் ஒரே ஒரு முறை, அதுவும் ஆயிரம் அடிக்கு மேல் இருக்கும்போது மட்டும்.

காரணம் தேடுதல்

வயலை நோக்கித் திருப்பிய பிறகே இன்ஜினைப் பார்க்க வேண்டும். காகிதச் செக்லிஸ்ட்டைத் தேடிப் பிரிக்க நேரம் இருக்காது என்பதால், கை ஒரு பாதையில் ஓடப் பழக வேண்டும். செஸ்னாவில் அந்தப் பாதை கீழிருந்து மேலே, பிறகு வலமிருந்து இடம்: தரையருகே டாங்க்கைத் தேர்ந்தெடுக்கும் பியூயல் செலக்டர், அதன் மேலே எரிபொருள்-காற்றுக் கலவையை மாற்றும் சிவப்பு மிக்ஸ்சர் குமிழ், த்ராட்டில், பழைய விமானமானால் கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்புரேட்டர் ஹீட், கடைசியில் இடது ஓரத்தில், தீப்பொறி தரும் மேக்னட்டோவின் சாவி. இன்ஜெக்ஷன் இன்ஜினில் கார்புரேட்டர் ஹீட் இருக்காது, அதற்குப் பதிலாக எலக்ட்ரிக் பியூயல் பம்ப்பைப் போட வேண்டும். பைப்பர் போன்றவற்றில் மற்ற டாங்க்குக்கு மாற்றுவதும் பம்ப்பைப் போடுவதும் முதல் இரண்டு வேலைகள். விமானம் தரையில் நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பாதையை ஐம்பது முறையாவது தொட்டுப் பாருங்கள். எரிபொருள் செலவில்லாத பயிற்சி அது.

இவற்றுள் சென்னைக் காற்றுக்கு மிகவும் பொருந்துவது கார்புரேட்டர் ஐஸ். "முப்பது டிகிரி வெயிலில் பனிக்கட்டியா?" என்று மாணவர்கள் சிரிப்பார்கள். கார்புரேட்டரின் குறுகலான குழாயில் எரிபொருள் ஆவியாவதாலும் அழுத்தம் குறைவதாலும் வெப்பநிலை இருபது, முப்பது டிகிரி வீழும்; நம் கடற்கரைக் காற்றில் உறைவதற்கு வேண்டிய ஈரம் தாராளமாக இருக்கிறது. குறைந்த பவரில் இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். முதலில் இன்ஜின் சுழலும் வேகமான ஆர்பிஎம் மெல்ல மெல்லக் குறையும், பிறகு இன்ஜின் நடுங்கும், பிறகு நிற்கும். கார்புரேட்டர் ஹீட்டை முழுவதும் இழுத்ததும் உருகிய தண்ணீர் உள்ளே போவதால் இன்ஜின் இன்னும் மோசமாக இருமும். பயந்து திரும்பத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளக் கூடாது, அது உருகி முடியட்டும். இன்னொன்று: அந்தச் சூடு எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து வருகிறது. இன்ஜின் நின்று குளிர்ந்த பின் இழுத்தால் எடுத்துக்கொள்ளச் சூடு இருக்காது. சந்தேகம் வந்த நொடியிலேயே இழுங்கள்.

மற்றப்படி, சிறு விமானங்களில் இன்ஜின் நிற்பதற்கு அலுப்பூட்டும் காரணங்களே அதிகம்: எரிபொருள் தீர்ந்திருக்கும், இருந்தும் தவறான டாங்க்கில் செலக்டர் இருக்கும், அல்லது எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே நின்ற விமானத்தில் டாங்க் மூடி வழியாகத் தண்ணீர் இறங்குவது புதிதல்ல. காலையில் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்க்கும்போது தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். குப்பி முழுவதுமே தண்ணீராக இருந்தால் பிரிகோடு தெரியாது. அப்போது நிறத்தைப் பார்க்க வேண்டும். 100எல்எல் விமானப் பெட்ரோல் இளநீலம். நிறமே இல்லாமல் தெளிவாக இருந்தால் அது பெட்ரோல் அல்ல.

பாதை ஒரு முறை முடிந்தும் இன்ஜின் உயிர் பெறவில்லையானால், அதை மறந்துவிடுங்கள். மூன்றாவது, நான்காவது முறை முயன்றுகொண்டே வயலைத் தவறவிடும் விமானியைப் பற்றித்தான் பயிற்றுநர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள்.

பாதி இன்ஜின்

முழுவதும் நின்ற இன்ஜினைவிடப் பாதி ஓடும் இன்ஜின் கெட்டது என்பது என் கருத்து. முழுவதும் நின்றால் முடிவு எளிது. பாதி ஓடினால் "ஓடுபாதை வரை இழுத்துப் போய்விடலாம்" என்ற ஆசை வரும்; அந்த ஆசையில் நல்ல வயல்களையெல்லாம் தாண்டிப் போய், வீடுகளின் மேல் ஐந்நூறு அடியில் இருக்கும்போது அது முழுவதும் நிற்கும். பவர் குறைந்த விமானத்தை இறங்கத்தக்க ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு, எப்போதும் ஒன்று மிதப்புத் தூரத்துக்குள் இருக்குமாறு கொண்டுபோகலாம். இடையில் அப்படி ஒன்று இல்லாத வெளி வந்தால், இன்ஜின் ஓடும்போதே இறங்கிவிடுவதுதான் சரி.

புறப்பட்ட உடனே நின்றால்

மேலே சொன்னவையெல்லாம் உயரம் இருக்கும்போது. முந்நூறு அடியில் நின்றால் கையில் இருப்பது அரை நிமிடம்கூட இல்லை. அப்போது மூன்றே வேலைகள்: மூக்கைத் தாழ்த்து, முன்னே உள்ள அரைவட்டத்துக்குள் ஓர் இடம் பார், அங்கே இறங்கு. காரணம் தேடுவதற்கும் நேரமில்லை, ரேடியோவுக்கும் நேரமில்லை.

திரும்பி ஓடுபாதைக்கே போய்விடலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். ஏன் கூடாது என்பதை எண்ணில் பாருங்கள். 65 நாட்டில் 30 டிகிரி சாய்வில் திரும்பினால் வட்டத்தின் ஆரம் சுமார் இருநூறு மீட்டர். அதாவது 180 டிகிரி திரும்பி முடிக்கும்போது நீங்கள் ஓடுபாதைக்கு நானூறு மீட்டர் பக்கவாட்டில் இருப்பீர்கள். மேலும் திரும்பி, பிறகு எதிர்ப்பக்கம் திரும்பித்தான் நேர்க்கோட்டுக்கு வர முடியும். சுருக்கமாகத் திரும்ப 45 டிகிரி சாய்த்தால், சமமாகச் சுமந்து திரும்பும் கணக்கில் ஸ்டால் வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயரும். 60 டிகிரியில் நாற்பது சதவீதத்துக்கு மேல். தரை நெருங்குவதைக் கண்டு யோக்கை இழுப்பவருக்கு அங்கே ஸ்டால் வரும், ஸ்டாலிலிருந்து சுழன்று விழும் ஸ்பின் வரும், அதிலிருந்து மீள உயரம் இராது. இத்தனையும் சாதித்து வந்து சேர்ந்தாலும் பின்காற்றில்தான் இறங்குவீர்கள். எந்த உயரத்துக்கு மேல் திரும்பலாம் என்பதை உங்கள் பயிற்றுநர் உங்கள் விமானத்துக்கும் அந்த ஓடுபாதைக்கும் சொல்லித் தருவார். அந்த எண்ணைப் புறப்படும் முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் சொல்லிக்கொள்வது என்பது வெறும் சடங்கல்ல. மீனம்பாக்கத்தில் கிழக்கு நோக்கிப் புறப்படும் 07 ஓடுபாதையை எடுத்துக்கொள்வோம். அதன் கிழக்கு முனைக்கு அப்பால் பரங்கிமலை, பிறகு கிண்டி, பிறகு கடல் வரை கட்டடங்கள். இடையே கிண்டிக் காடும் அடையாற்றின் கரையும்தான் வெளி. இங்கே உங்களைக் காப்பது ஓடுபாதையின் நீளம். அது மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். முழு நீளத்திலிருந்து புறப்படும் சிறு விமானம் சில நூறு மீட்டரில் தரையை விட்டுவிடும்; அதன் பிறகும் வெகுநேரம் அதற்கு முன்னால் ஓடுபாதை மிச்சமிருக்கும். முந்நூறு அடியில் இன்ஜின் நின்றாலும், மிதந்து இறங்க எண்ணூறு மீட்டரும் ஓடி நிற்க இன்னும் சில நூறும் போதும். நேரம் மிச்சம் என்று பாதி வழியில் நுழைந்து புறப்படும் இன்டர்செக்ஷன் டேக்-ஆஃப்பை ஏற்பவர், இந்தக் காப்பைத் தானே தள்ளிவிடுகிறார். பின்னால் விட்ட ஓடுபாதை எவருக்கும் உதவாது.

மேடே

உயரம் இருந்து, வயலும் முடிவாகி, காரணம் தேடும் வேலையும் முடிந்திருந்தால் ரேடியோவில் பேசுங்கள். ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே ஆபத்து அழைப்பான "மேடே" என்று மூன்று முறை, பிறகு அழைப்புக்குறி, இன்ஜின் நின்றது என்பது, எங்கே இருக்கிறீர்கள், எத்தனை அடி, எங்கே இறங்கப்போகிறீர்கள், விமானத்தில் எத்தனை பேர். பதில் இல்லையானால் அவசர அலைவரிசையான 121.5. ரேடாருக்கு அடையாளம் சொல்லும் டிரான்ஸ்பாண்டரில் 7700. "மதுராந்தகம் ஏரிக்குத் தெற்கே மூன்று மைல்" என்று சொல்வது போதும். துல்லியம் தேடி உயரத்தை இழக்க வேண்டாம். கட்டுப்பாட்டாளர் கேள்வி மேல் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. கூடவே இருப்பவருக்குப் பெல்ட்டை இறுக்கச் சொல்லுங்கள்; மூக்குக் கண்ணாடியையும் சட்டைப் பையில் உள்ள பேனாவையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

வட்டமிட்டு இறங்குதல்

வயலுக்கு நேரே போய்விட முயலாமல், அதை ஒரு விமான நிலையமாகப் பாவித்து ஓடுபாதையைச் செவ்வகமாகச் சுற்றும் வழக்கமான சர்க்கியூட்டைச் சுற்றி வருவதே நல்லது. பழகிய கோணங்கள் உங்கள் கணிப்பைக் காப்பாற்றும். வயலுக்கு மேலே ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரம் அடிக்குள் ஒரு புள்ளி, அதை ஹை கீ என்பார்கள். இறங்கு திசைக்கு எதிர்த்திசையில் பறக்கும் டவுன்விண்டில், தொட வேண்டிய இடத்துக்கு நேர் பக்கவாட்டில் எண்ணூறிலிருந்து ஆயிரம் அடிக்குள் இன்னொரு புள்ளி, அது லோ கீ. கிராமத்து நிலம் கடல் மட்டத்துக்கு எத்தனை அடி மேலே என்பது உயரம் காட்டும் ஆல்டிமீட்டருக்குத் தெரியாது என்பதை மறக்க வேண்டாம். சென்னைக் கரையில் அது சொற்பம், உள்ளே போகப் போக வேறு.

தொட வேண்டிய இடமாக வயலின் முன்விளிம்பைக் குறி வைக்கக் கூடாது. வயலின் மூன்றில் ஒரு பங்கு உள்ளே குறி வையுங்கள். கட்டாயம் சேர்வீர்கள் என்பது தெளிவான பிறகு, இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் ஃபிளாப்பைப் போட்டுக் குறியை முன்னே இழுத்துக்கொள்ளலாம். ஃபிளாப்பை முன்பே போட்டுவிட்டுப் பிறகு எட்டாமல் தவிப்பது புதியவர்களின் வழக்கமான பிழை. உயரம் மிஞ்சினால் விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிடும் சைட்ஸ்லிப் செய்யலாம், இறங்கு கோட்டுக்குக் குறுக்கே பறக்கும் பேஸ் பகுதியை வெளியே தள்ளி நீட்டலாம். குறைந்தால் செய்வதற்கு எதுவும் இல்லை. ஆகவே சற்று உயரமாக வருவதே எப்போதும் சரியான பிழை. எல்லை மீறி ஓடி எதிர்வேலியில் இருபது நாட்டில் மோதுவதற்கும், எட்டாமல் இப்பக்கத்துப் பனைமரத்தில் அறுபது நாட்டில் மோதுவதற்கும் உள்ள வேறுபாட்டை மேலே பார்த்த மோதல் ஆற்றல் கணக்கிலிருந்து நீங்களே சொல்லலாம்.

வயலை நேராக நோக்கி வரும் ஃபைனலில், இறங்குவது உறுதியான பின், மிக்ஸ்சரை முழுவதும் வெளியே இழுத்து, பியூயலை மூடி, மேக்னட்டோவை அணையுங்கள். செஸ்னாவின் ஃபிளாப் மின்சாரத்தில் இயங்குவதால், வேண்டிய ஃபிளாப்பைப் போட்ட பின்பே மாஸ்டர் சுவிட்சை அணைக்க வேண்டும். கதவுத் தாழ்ப்பாள்களைத் திறந்து வையுங்கள். தரையில் மோதி உடற்கூடு நெளிந்தால் மூடிய கதவு திறக்காது.

தரையைத் தொடும்போது முடிந்தவரை மெதுவாக, மூக்குச் சக்கரத்தை மேலே பிடித்து, முதன்மைச் சக்கரங்களில் தொடுங்கள். யோக்கைக் கடைசி வரை வயிற்றோடு சேர்த்துப் பிடியுங்கள். ஆனால் தரைக்கு மேலே ஸ்டால் செய்து "பொத்" என்று விழவைக்க வேண்டாம்; மனித முதுகெலும்பு முன்னோக்கிய அதிர்ச்சியைத் தாங்கும் அளவுக்குச் செங்குத்தான அதிர்ச்சியைத் தாங்காது. முன்னோக்கி நிற்க வேண்டிய தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு: மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து, புவியீர்ப்பின் ஒன்பது மடங்கு விசையில் சீராக நின்றால் மூன்று மீட்டர் போதும், தோள்பட்டை பெல்ட் இறுக்கமாக இருக்கும் மனிதர் அதைத் தாங்கலாம். இறக்கையும் வாலும் சக்கரமும் நொறுங்கி அந்த மூன்று மீட்டரைத் தரட்டும். இரு மரங்களுக்கு நடுவே போக வேண்டி வந்தால் மூக்கை நடுவில் விட்டு இரு இறக்கைகளையும் மரங்களுக்குக் கொடுத்துவிடுங்கள். இன்ஜின் நின்ற நொடியிலேயே விமானம் காப்பீட்டு நிறுவனத்துடையதாகிவிட்டது என்று என் பயிற்றுநர் சொல்வார். விமானத்தைக் காப்பாற்ற நினைத்துத்தான் பலர் ஓடுபாதைக்குத் திரும்புகிறார்கள்.

கடலில் இறங்குவதானால் அலைமுகட்டுக்கு இணையாக இறங்குங்கள், குறுக்கே அல்ல. நிலையான சக்கரமுள்ள விமானம் தண்ணீரைத் தொட்டதும் பெரும்பாலும் தலைகுப்புறக் கவிழும். ஆகவே கதவருகே ஒரு பிடிமானத்தை முன்பே பற்றிக்கொண்டு, தண்ணீர் அடங்கியதும் பெல்ட்டைக் கழற்றி, அந்தப் பிடிமானத்தைத் தொடர்ந்து வெளியே வர வேண்டும். உயிர்காப்புச் சட்டையை வெளியே வந்த பிறகே ஊத வேண்டும். உள்ளேயே ஊதியவர் கூரையில் ஒட்டிக்கொள்வார்.

இறங்கிய பின்

வெளியே வந்து, காற்று வரும் திசையில் ஐம்பது மீட்டராவது தள்ளிப் போங்கள். நம் ஊரில் ஐந்து நிமிடத்துக்குள் கூட்டம் கூடிவிடும். உதவிக்கு வருபவர்கள்தான், ஆனால் அவர்களில் ஒருவர் கையில் பீடி இருக்கும். இறக்கையிலிருந்து பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருக்கும்போது அந்தப் பீடிதான் அன்றைய மிகப் பெரிய ஆபத்து. "அண்ணே, பெட்ரோல் ஒழுகுது, யாரும் கிட்ட வராதீங்க, பத்தவைக்காதீங்க" என்று உரக்கச் சொல்லி, ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தும் பொறுப்பை ஒப்படையுங்கள். உங்கள் பேச்சைவிட அவர் பேச்சு எடுபடும். காயம் இருந்தால் 108, இல்லாவிட்டாலும் 112; பிறகு உங்கள் பயிற்சி நிலையம். காயமில்லை என்று தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போங்கள், அதிர்ச்சியில் வலி தாமதமாகத்தான் தெரியும். உயிர் காக்க வேண்டியதைத் தவிர விமானத்தில் எதையும் நகர்த்தக் கூடாது. விசாரணை அதிகாரிகள் வரும் வரை சுவிட்சுகளும் செலக்டரும் இருந்தபடியே இருக்க வேண்டும். அணைத்தவற்றை எந்த வரிசையில் அணைத்தீர்கள் என்பதை அன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பழகுவது எப்படி

த்ராட்டிலை இழுத்துப் பழகும் பயிற்சியைப் பயிற்றுநர் உடனிருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும். தனியாகப் பறக்கும் மாணவர் வயலை நோக்கி இறங்கிப் பார்ப்பது அறிவீனம். பயிற்றுநரோடு செய்யும்போதும், நீண்ட இறக்கத்தில் சில நூறு அடிக்கு ஒரு முறை த்ராட்டிலைத் திறந்து இன்ஜினைச் சூடாக்க வேண்டும். பயிற்சிக்காக த்ராட்டிலை இழுத்த இன்ஜின் உண்மையிலேயே நின்றுபோன கதைகள் உண்டு.

இன்னும் பயிற்சிக்கே சேராதவர்களும் ஒன்றை இன்றே தொடங்கலாம். கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டைத் தாண்டி மேல்மருவத்தூர் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்காருங்கள். செங்கல்பட்டைத் தாண்டி ரயில் வேகம் பிடிக்கும்போது அது ஓடும் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகமும், சிறு விமானம் வயலில் தொடும் வேகமும் ஏறத்தாழ ஒன்றுதான். பாலாற்றுப் பாலம் தாண்டியதும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, "இப்போது நின்றது" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு பத்து விநாடிக்குள் ஒரு வயலைத் தேர்ந்தெடுங்கள். காற்று எங்கிருந்து என்று மரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பிறகு அந்த வயல் அருகே வரும்போது வரப்பையும் தண்ணீரையும் கம்பத்தையும் எண்ணுங்கள். முதல் பயணத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த வயல்களில் பாதிக்கு மேல் பம்புசெட் கம்பி ஓடியிருக்கும். கருங்குழி தாண்டுவதற்குள் அறையைப் பார்த்ததும் கம்பியைத் தேடும் பழக்கம் கண்ணுக்கு வந்துவிடும்.